பத்துப் பேரும் வந்தார்கள்

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல். பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் தங்கிய லாட்ஜின் சுவர்கள் அட்டை மாதிரி. பக்கத்து அறைக்காரர் கொப்பளித்தால் என் வாய் கூசும். விடிகிற நேரத்தில் அந்த முனகல் ஏறியது, இறங்கியது, ஓர் இடத்தில் சட்டென்று நின்றது. கிணற்று விளிம்பில் கால் வைத்தவர் பின்வாங்கியது போல.

அந்த இடம் எனக்குப் பழக்கமானது. போன வருடம் சிங்கப்பூரில் ஃப்ளோரா ஆன்ட்டி இறந்தபோது, எதிர்வீட்டில் அவர்கள் துக்கம் காத்த நாட்களில், தினமும் சாயங்காலம் இதே முனகல் தாழ்வாரத்தைத் தாண்டி என் வீட்டுக்குள் வரும். ஆன்ட்டியின் மகன் டேனியலின் குரல். இந்த இடத்துக்கு வந்ததும் அவர் குரல் நிமிரும். வீட்டில் கூடியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே தொண்டையாக "ஆமென்" என்பார்கள். என் அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் அதிரும்.

இங்கே அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கீழே பூக்கடைக்காரர் மல்லிகையின் மேல் தண்ணீர் தெளிக்கும் சத்தம். கோயில் பக்கமிருந்து ஒரு மணி. அப்புறம் டேனியல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சத்தம்.

டேனியல் சிங்கப்பூர் யூதர். தாத்தா காலத்தில் பாக்தாத்திலிருந்து வந்த குடும்பம். தொழிற்சாலைகளுக்குப் பெரிய பம்புகள் பொருத்துவது அவர் வேலை. கடலூரில் ஒரு வேலை வந்தது, தமிழ் தெரிந்தவர் துணைக்கு வேண்டும் என்றார். ஊர் சுற்றி எழுதுகிற எனக்கு ஒரே ஊரில் நாலு மாதம் உட்கார்ந்தால் சொற்களில் பூஞ்சை பிடித்துவிடும். உடனே கிளம்பிவிட்டேன். என் முன்னோர் தமிழர்கள்தான்; ஆனால் கடலூர் எனக்கு வெளிநாடுதான். பேருந்து நிற்காது, வேகம் குறையும். அதற்குள் ஏறிக்கொள்ள வேண்டும் என்பதை முதல் நாளே முழங்காலில் கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு முருகவேலின் வேன்தான். முருகவேலுக்கு நாற்பது வயதிருக்கும், கடலோரக் குப்பத்து மீனவக் குடும்பம். கடலை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். இப்போதும் வேனைப் படகு மாதிரிதான் ஓட்டுவார், எதிரே வருகிற லாரியை அலை போல நினைத்து மேலே ஏறிவிடுவாரோ என்று பயமாக இருக்கும். டேனியல் என்ற பெயரைக் கேட்டதும் நேராக ஒரு சர்ச் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கிறிஸ்தவர் இல்லை, யூதர் என்றேன். வேனை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"யூதர்னா பைபிள்ல வர்றவங்கதானக்கா? இன்னுமா இருக்காங்க?"

மொழிபெயர்த்தேன். டேனியல் நெடுநேரம் சிரித்தார். எங்களுக்கே அந்த ஆச்சரியம் உண்டு என்றார்.

இரண்டாம் நாள் சாப்பாட்டு நாள். முருகவேல் வீட்டில் சுறாப் புட்டும் நண்டுக் குழம்பும் செய்து அனுப்பியிருந்தார்கள். தூக்கைத் திறந்ததும் வேன் முழுக்க மிளகும் பூண்டும் கடலும். டேனியல் தொடவில்லை. கடலில் பிடித்ததில் செதிலும் துடுப்பும் இல்லாத எதுவும் அவருக்கு ஆகாது; அடுத்தவர் பாத்திரத்தில் சமைத்ததும் ஆகாது. அவர் மடியில் வாழைப்பழமும் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டும். நான் இரண்டு பேர் பங்கையும் தின்றேன். அன்றைக்குத்தான் முருகவேல் கேட்டார், இவர்கள் ஏன் இப்படி என்று. கடவுள் தங்களைத் தேர்ந்தெடுத்ததாக அவர்கள் நம்பிக்கை, அதனால் இத்தனை கட்டுப்பாடு என்றேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு.

"நண்ட வேணாம்னு சொல்ற சாமியா தேர்ந்தெடுத்தாரு? நல்லா மாட்டிக்கிட்டாரு சார்."

மூன்றாம் நாள் மழை பிடித்தது. தொழிற்சாலைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது, வேலை இரண்டு நாள் தள்ளிப் போயிற்று. டேனியல் போனை வைத்துவிட்டு வெளிறிப்போய் உட்கார்ந்தார். நாளை சாயங்காலம் சூரியன் மறைந்ததும் அம்மாவின் முதல் வருட நினைவு நாள் தொடங்குகிறது. அதற்குள் சிங்கப்பூர் போய்விடலாம் என்று இருந்தார். கதிஷ் என்று ஒரு பிரார்த்தனை. மகன் சொல்ல வேண்டும். சொல்வதாக அம்மாவின் கட்டிலருகே வாக்குக் கொடுத்திருக்கிறார், வேறு பிள்ளை இல்லை. அந்தப் பிரார்த்தனையில் சாவு என்ற சொல்லே வராதாம். இறந்தவர் பெயரும் வராதாம். கடவுளின் பெயர் பெரிதாகட்டும் என்று மட்டும் திரும்பத் திரும்ப வரும். அம்மாவை இழந்தவன் கூட்டத்தின் நடுவே நின்று அதைச் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல முடியாது.

முருகவேல் டீக் கிளாஸோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் திதி என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. தெவசத்துக்கு என்னென்ன சாமான் வேண்டும், ஐயர் வேண்டுமா, ஆற்றங்கரையா கடற்கரையா என்று விசாரித்தார். சாமான் ஒன்றும் வேண்டாம், பத்து ஆண்கள் வேண்டும் என்று டேனியல் சொன்னார். அப்படியே தமிழில் சொன்னேன். அந்தப் பத்து என்பதற்குள் இன்னும் ஒரு நிபந்தனை இருக்கும் என்று முருகவேலுக்கு மட்டுமல்ல, எனக்கும் தோன்றவில்லை.

"பத்து ஆளுதானே?" என்றார் முருகவேல். டீக் கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மழை விட்டுவிட்டது. சூரியன் இறங்குகிற நேரம் லாட்ஜ் மாடியிலிருந்து பார்த்தேன். தெருவில் ஓர் ஊர்வலம். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஆண்கள். டேனியல் குல்லாய் போட்டுப் பிரார்த்தனை செய்வதை முருகவேல் ஒருநாள் கதவு இடுக்கில் பார்த்திருக்கிறார், அதனால் துண்டு. இரண்டு மச்சான்கள், டீக்கடைக்காரர், வலை பின்னுகிற சித்தப்பா, பூக்கடைக்காரர், குவைத்தில் பல வருடம் இருந்து திரும்பிய பரங்கிப்பேட்டை மரைக்காயர் ஒருவர். மாடிக்கு வந்து வரிசையாக நின்றார்கள். முருகவேல் விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். தன்னையும் சேர்த்து, டேனியலைச் சேர்க்காமலே பத்து. டேனியலும் கணக்கில் உண்டுதான்; ஆனாலும் ஆள் குறைந்துவிடக் கூடாது என்று ஒருவரை அதிகமாகவே கூட்டி வந்திருந்தார்.

மரைக்காயர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "டிவியத் தொறந்தா அங்க இவுங்க ஆளுங்க சண்டையில பிள்ளைங்க சாவுது. வர்றதா வேணாமான்னு யோசிச்சேன். ஆனா இவுங்க அம்மா என்னா பண்ணாங்க? அம்மான்னா அம்மாதானே."

டேனியல் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் சின்னப் புத்தகம். அவர்களைப் பார்த்தார். அவருக்குக் கண் நிறைந்தது. ஒவ்வொருவர் கையையும் பிடித்தார். கடைசி ஆளிடம் வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

பிறகு என்னிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். இதை இவர்களுக்கு எப்படிச் சொல்வாயோ சொல். இவர்களை வைத்துச் சொல்ல முடியாது. பத்துப் பேரும் யூதர்களாக இருக்க வேண்டும்.

மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். துண்டு போட்ட பத்துத் தலைகள், மேற்கே சிவந்துகொண்டிருந்த வானம், எல்லாம் ஒரு நொடி மிகத் தெளிவாகத் தெரிந்தன. சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். என் தமிழ் அவ்வளவு மோசமாக என்றைக்கும் ஒலித்ததில்லை.

டீக்கடைக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சித்தப்பா, அவங்க முறை அப்படி என்றால் நாம என்ன செய்ய என்றார். ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். முருகவேல் மட்டும் நின்றார். டேனியலை ஏறிட்டுப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"நாங்க ஆளு இல்லியாக்கா?"

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் முனகல்கூட இல்லை. அம்மாவின் நினைவுக்கு ஏற்றிய ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. கதவுக்குக் கீழே அதன் வெளிச்சம்.

வேலை தள்ளிப் போனதால், மறுநாள் சிதம்பரம் போவதாகப் பேசியிருந்தோம். முருகவேல் வரமாட்டார் என்று நினைத்தேன். சொன்ன நேரத்துக்கு வேன் வந்து நின்றது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. வழக்கமாக ஆலப்பாக்கம் வருவதற்குள் நாலு குடும்பக் கதை சொல்லிவிடுகிறவர். கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிந்தது. அது சாலையை விட்டு நகரவில்லை.

புதுச்சத்திரம் தாண்டி டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. பஞ்சர்க்காரர் வரும்வரை ஒரு பூவரச மரத்தடியில் மூவரும் நின்றோம். பக்கத்து வயலில் தேங்கிய தண்ணீரில் கொக்குகள். நகர வழியில்லாத இடத்தில்தான் மனிதர்கள் பேசுகிறார்கள். முருகவேல் சக்கரத்தைப் பார்த்தபடியே தொடங்கினார்.

ஒரு மாசி மகத்தின்போது, கடலுக்கு மேற்கே உள்ள ஊர் ஒன்றிலிருந்து சாமியைக் கடலுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். மணலில் கால் புதைந்து தோள் கொடுக்க ஆள் போதவில்லை. சாமி ஒரு பக்கமாகச் சாய்கிறது. குப்பத்து ஆட்கள் ஓடிப்போய்த் தோள் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு, சாமியை மணலிலேயே இறக்கி வைத்துவிட்டு, ஊரிலிருந்து ஆள் வரக் காத்திருந்தார்களாம்.

"எங்க கடல்ல குளிக்கிற சாமி. எங்க தோளு மட்டும் ஆவல. அது எங்க ஊரு புத்தி, தெரியும். நேத்து இவரு வெளிநாட்டுலேருந்து வந்து அதையே சொல்றாரு."

ஒரு சொல் விடாமல் டேனியலுக்குச் சொன்னேன். அவர் முகத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே பேசினார். நான் இடையிடையே தமிழாக்கினேன்.

தேர்ந்தெடுத்தது என்றால் உயரத்தில் உட்கார வைத்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், எங்கள் ஆட்களிலும் சிலர் அப்படி நினைக்கிறார்கள், அது அசிங்கம் என்றார். அவர் அம்மா சொல்லிக்கொடுத்தது வேறு. கடவுள் தன் சட்டத்தை எல்லா மக்களிடமும் கொண்டுபோனார், ஒவ்வொருவரும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள், நாங்கள் கேட்காமலே சரி என்றோம் என்பது ஒரு கதை. இன்னொரு கதையில், கடவுள் மலையைப் பெயர்த்து எங்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒத்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் இதுதான் உங்கள் புதைகுழி என்றார்.

"ரெண்டுல எது நெசம்?" என்றார் முருகவேல்.

இரண்டும்தான் என்றார் டேனியல்.

முருகவேல் முதல் தடவையாக அவரைப் பார்த்தார். "எங்க அக்கா கல்யாணம் மாதிரி. சம்மதம்னு அதுவேதான் சொல்லுச்சு. வேற வழியும் இல்ல."

மற்ற மக்களுக்கு ஏழு கட்டளைகள் போதும், ஏழையும் காத்தால் அவர்களுக்கும் மறுமையில் பங்கு உண்டு, எங்களுக்கு அறுநூற்றுச் சொச்சம் என்றார் டேனியல். ஒருவன் யூதனாகச் சேர வந்தால்கூட, வேண்டாம் போ என்று திருப்பித்தான் அனுப்புவோம். அந்தப் பத்துப் பேர் என்பது நல்லவர்கள் பத்துப் பேர் இல்லை. அந்த வேலையிலிருந்து தப்பிக்க முடியாத பத்துப் பேர். அதைச் செய்யாவிட்டால் கேள்வி கேட்கப்படுகிறவர்கள். நீங்கள் பத்துப் பேரும் சுதந்திரமானவர்கள்.

"அதுதான் சார்," என்றார் முருகவேல். "கேக்க ஆளே இல்ல, அப்பவும் வந்தோம். அது ஒசத்தி இல்லியா?"

இல்லையாம். எங்கள் ஆசிரியர்கள் தலைகீழாகச் சொல்கிறார்கள் என்றார் டேனியல். தானாக வந்து செய்கிறவனைவிட, கட்டளைக்குக் கட்டுப்பட்டுச் செய்கிறவனைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். கட்டுப்பட்டவனுக்குத் தினமும் ஓடிப்போகத் தோன்றும், ஓடாமல் நிற்கிறான்.

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. சொல்லியும் விட்டேன். அப்போதுதான் இன்னொன்றையும் கேட்டேன், என்னைச் சேர்ப்பீர்களா, நான் யூதப் பெண்ணாகவே இருந்தால்? டேனியல் தலையைக் குனிந்துகொண்டார். சில ஊர்களில் சேர்க்கிறார்கள், தன் கோயிலில் இல்லை என்றார். அம்மாவையே ஒருநாளும் எண்ணியதில்லை.

ஃப்ளோரா ஆன்ட்டி. வெள்ளிக்கிழமை இரவெல்லாம் கோழியும் அரிசியும் மெல்லிய தீயில் வேக, எங்கள் மாடி முழுவதையும் பசிக்க வைத்தவர். அத்தனை கட்டளையையும் காத்தவர். அவருக்காகக் கூடுகிற பத்தில் அவரே ஒருவராக முடியாது.

முருகவேலிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அக்கா, நீங்களும் நம்ம கட்சி."

சிதம்பரத்தில் அடுத்த அடி. கோபுர வாசலில் டேனியல் நின்றுவிட்டார். உருவம் வைத்து வணங்கும் இடத்துக்குள் அவர் வரமாட்டார். கீழவீதியில் இளநீர்க்கடை நிழலில் உட்கார்ந்துகொண்டார். முருகவேல் செருப்பைக் கழற்றிக்கொண்டே முணுமுணுத்தார், எங்களச் சேத்துக்கவும் மாட்டாரு, எங்ககூடச் சேரவும் மாட்டாரு.

உள்ளே கல் குளிர்ச்சி. எண்ணெயும் விபூதியும் கலந்த வாசம். திரை விலகியபோது முருகவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் போட்டுக்கொள்ள மறந்தேன். மனம் வெளியே இளநீர்க்கடையில் இருந்தது. திரும்பும் வழியில் அவர் இந்த ஊர்க் கதை ஒன்றைச் சொன்னார். கேட்டுவிட்டு, இதை டேனியலிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

ஓட்டலில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். மிளகும் நெய்யும் நாக்கில் ஏற, கொத்சு அதைப் புளியில் இறக்கி வைக்கிறது. டேனியல் எதிரே வாழைப்பழம் உரித்தார். முருகவேல் இலையில் கைவைத்தபடி சொன்னார். இங்கே பூசை செய்கிற தீட்சிதர்கள் மொத்தம் மூவாயிரம் பேராம். ஒரு தரம் எண்ணிப் பார்த்தால் ஒருத்தர் குறைகிறார். திரும்பத் திரும்ப எண்ணுகிறார்கள், குறைகிறது. எல்லோரும் பதறி நிற்க, உள்ளே இருந்து குரல் வந்ததாம், என்னையும் சேர்த்து எண்ணுங்கள், நானும் உங்களில் ஒருத்தன் என்று.

"எங்க ஊருல ஆளு கொறஞ்சா சாமியே வந்து கணக்குல நின்னாரு," என்றார். "ஒங்க சாமி வர மாட்டாரா?"

டேனியல் கையில் பழம் அப்படியே நின்றது. அவர் இவ்வளவு அதிர்ந்து நான் பார்த்ததில்லை. கடவுள் எங்களில் ஒருவர் என்று சொல்லிவிட்டார் என்றால், அதைவிடப் பெரிய தேர்வு என்ன இருக்கிறது என்றார். எங்கள் தைரியத்துக்குக்கூட அது எட்டாது. பிறகு மெல்லச் சொன்னார். ஆனால் அவர் எங்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டால், நான் யாரைப் பார்த்துச் சொல்வது?

"எங்க சாமி ரெண்டு பக்கமும் நிப்பாரு சார்."

டேனியல் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அவர் தாத்தாவின் கையில் யூதன் என்று பட்டை கட்டி, பிறகு முகாமில் அடைத்தார்கள். எங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டு பேர் என்று தாத்தா சொல்வாராம்: ஒருவர் மலையடிவாரத்தில், இன்னொருவர் பட்டையோடு வந்தவர். இன்றைக்கு எங்கள் பேரால் என்ன நடந்தாலும் உலகத்திடம் கேட்பதற்கு முன்னால் கடவுள் எங்களிடம்தான் கணக்குக் கேட்பார் என்றார். நீ சொன்னாயே, நேற்று அந்த மரைக்காயர் எல்லாம் தெரிந்துதான் வந்து நின்றார். அவரை நான் படியிறங்க வைத்தேன். அது முறைதான். முறை என்பதால் வலிக்காமல் இல்லை.

முருகவேல் சாப்பிட்டு முடித்து இலையை மூடினார். எழுந்திருக்கும்போது, வேலை முடிந்து ஊருக்குப் போகிற அன்று ஸ்டேஷனுக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அம்மாவின் நாள் அன்று மாலை வெளிச்சத்தோடு முடிந்தது. டேனியல் கதிஷ் சொல்லவில்லை.

பள்ளம் வற்றியது, பம்பு ஓடியது. கிளம்பும் காலையில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் கூட்டம். பலாச்சுளை விற்பவர், முந்திரிப் பாக்கெட்டுக்காரர், தூங்கி வழியும் கல்லூரிப் பிள்ளைகள். வண்டி வந்து நின்றது. நிற்பதும் தெரியாது, கிளம்புவதும் தெரியாது. பெட்டியை ஏற்றிவிட்டு முருகவேல் கீழே நின்றார். டேனியல் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவசரமாக என்னிடம் சொன்னார், இதை அவரிடம் கேள்.

அவரைப் பத்தில் சேர்க்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் யூதர் அல்லாத ஒருவர் கடவுள் பெயரால் வாழ்த்தினால், அது முழு வாழ்த்து. அதற்கு நான் பதில் சொல்லலாம். முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் விடாமல் காதில் விழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்காக அவர் சொல்வாரா?

முருகவேல் திகைத்துப்போனார். தனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது என்றார். உங்கள் பேச்சே போதும் என்றேன். கழுத்துத் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டாவது வார்த்தையில் ஹாரன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. டேனியல் கையை ஆட்டினார்: கேட்கவில்லை, மறுபடி, முதலிலிருந்து.

வண்டி அசைந்தது. முருகவேல் பெட்டியோடு நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வாக்கியமாகக் கத்திச் சொன்னார். ஒவ்வொன்றையும் டேனியலின் காதில் நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சாமி, இவுங்க அம்மாவ நீ பாத்துக்க."

நடை ஓட்டமானது.

"பத்துப் பேரும் வந்தோம். எண்ணலன்னாலும் வந்தோம். அத நீ கணக்குல வச்சிக்க."

டேனியல் என் பக்கம் திரும்பினார், ஏதாவது விட்டுப்போயிற்றா என்று. இல்லை என்று தலையசைத்தேன். அவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். அன்று எதிர்வீட்டிலிருந்து தாழ்வாரத்தைத் தாண்டி வந்த அத்தனை தொண்டைகளின் சத்தமும் அந்த ஒரு தொண்டையில் வந்தது.

"ஆமென்."